தோட்டத்துக்கேற்ற துவக்கு

விழா மலரொன்றிலே துவக்கைப் பற்றிக் கட்டுரை வரைதல் சிலருக்கு வியப்பையும் வேறு சிலருக்கு வெறுப்பையும் விளைத்தல் கூடும். கல்வியின் மாண்பு, சைவநெறியின் தொன்மை, பழைய மாணவர் ஆற்றவேண்டிய பணி என்பனவற்றை எழுதுதற்கு எம்மினும் வல்ல அறிஞர் பலர் உளர். அப்பொருள்களை அவர்களுக்கே விட்டு, காட்டுப்பன்றியையும் அதனைச் சுடுங் கருவியையும் நாம் எடுத்துக்கொண்டோம். எமது கல்லூரியிற் கற்று வெளியேறிச் சப்பிரகமுவாத் தோட்டங்களிலே கிளாக்கராகவும் தேயிலை மேக்கராகவும் டிஸ்பென்சராகவும் காலங்கழித்தோர் ஒரு தலைமுறையினர் மட்டுமல்லர். தோட்டத்திலே துவக்கு யாரிடம் இருந்தது, யாரிடம் இருக்கவில்லை என்பதை அவர்கள் நன்கறிவர். இக்கட்டுரையை அவர்கள் பொறுமையுடன் படிப்பர் என நம்புகின்றோம்.

எமது கருத்தை முன்னரே கூறிவிடுகின்றோம். தோட்டப்புறங்களிற் பன்றிக்கென மறைவில் வைக்கப்படும் கம்பிச் சுருக்கும் கட்டுத்துவக்கும் வாய்வெடியும் ஒழியவேண்டுமாயின், அவற்றின் இடத்துக்குக் கணக்குள்ள துவக்கு ஒன்று வரவேண்டும். அத்துவக்கு இலகுவானதாய், குறுகியதாய், சுமப்பவனின் உடலுக்கு அளவெடுத்ததாய் இருத்தல் வேண்டும். பாரமும் நீளமும் மிக்க துவக்கு காவற்காரனின் தோளிலே தங்காது. தோளிலே தங்காத துவக்கு காவல் செய்யாது. காவல் இல்லாதவிடத்தே கம்பி தானாக வந்து சேரும்.

இரத்தினபுரி, கேகாலை என்னும் இரு மாவட்டங்களும் சேர்ந்து 1889 ஆம் ஆண்டிலே சப்பிரகமுவா மாகாணமாயின. எகலியகொடையிலிருந்து பெல்மதுளை வழியாகப் பலாங்கொடை, இறக்குவானைப் பக்கமாகச் செல்பவனும், எட்டியாந்தோட்டை, தெகியோவிற்றை, தெரணியகலைப் பக்கமாகச் செல்பவனும் ஏறத்தாழ ஒரே காட்சியைக் காண்பர். தாழ்ந்த சரிவிலே றப்பர், மேலேறத் தேயிலை, இடையிடையே கித்துள் மரங்களும் கிராமத்தவரின் சிறு நிலங்களும், ஓடையோரத்திலே பற்றைக்காடு. இரத்தினபுரிப் பக்கமாயின் வயலோரங்களிலே மாணிக்கக் கிடங்குகளும் தோன்றும். பால்வெட்டு நின்றுபோன பழைய றப்பர்க் காடுகளிலே பன்றிக்குப் பகல் வீடு. இரவிலே லயத்தடித் தோட்டம் அதற்கு உணவுச்சாலை. மரவள்ளி, வற்றாளை, இளந்தென்னை எதையும் அது விடாது. புழுவைத் தேடித் தேயிலையின் வேரடியையும் கிண்டிப்போடும். லயத்திலே வாழுங் குடும்பமொன்று ஞாயிற்றுக்கிழமைகளிலே கொத்தி நட்ட மரவள்ளிப் பாத்தி ஒரே இரவிலே உழுத வயல்போலாவதைக் கண்டவர்க்கு, அக்குடும்பத் தலைவன் மறுநாள் கம்பி தேடிப் போவதில் வியப்பொன்றுந் தோன்றாது.

கம்பி எளிதிற் கிடைப்பது. பழைய சைக்கிளின் பிரேக் கம்பியே போதும். பன்றி வருந் தடத்திலே அது சுருக்காகக் கிடக்கும். ஆனால் அத்தடத்தாற் பன்றி மட்டுமே வருவதில்லை. மான் வரும், முள்ளம்பன்றி வரும், சிறுத்தையும் வரும். சிவனொளிபாதமலையின் ஒருபுறச் சாரல் இரத்தினபுரி. மறுபுறச் சாரலில் உள்ளது நல்லதண்ணி. அங்கே 2020 ஆம் ஆண்டு மே மாதத்திலே தோட்டப்புறமொன்றிற் கம்பிச் சுருக்கில் அகப்பட்ட கருஞ்சிறுத்தை ஒன்றை வனசீவராசித் திணைக்களத்தார் மீட்டு உடவளவைக்குக் கொண்டுசென்றனர். கழுத்திலே பட்ட காயத்தாற் சில நாளில் அது இறந்தது. இலங்கையில் மிக அருமையாகக் காணப்படும் விலங்கு அது. அதனைக் கொல்ல எண்ணினோர் எவருமிலர். ஆயினும் அது கொல்லப்பட்டது.

கட்டுத்துவக்கு இதனினும் கொடிது. பன்றியின் உயரத்துக்கு மட்டமாகக் கட்டப்படும் அக்குழல், வழியே வரும் மனிதனின் முழங்காலையோ தொடையையோ சிதைக்கும். சிறுபிள்ளையாயின் எங்கே படும் என்பதைச் சொல்ல வேண்டியதில்லை. றப்பர்த் தோட்டங்களிலே பால் வெட்டுவோர் விடியுமுன்னரே மரத்தடிக்குச் செல்லவேண்டியவர். வெயிலேறுமுன் வெட்டினாலன்றிப் பால் நன்றாகச் சுரவாது. இருள் பிரியாத வேளையிலே, ஒருகையிற் கத்தியும் மறுகையில் வாளியுமாக ஒற்றையடிப் பாதையிற் செல்லும் பெண்ணின் காலடியிலே யாரோ கட்டிவைத்த துவக்கு காத்திருக்கின்றது. வாய்வெடி என்பதும் இவ்வினத்ததே. சிங்களத்தில் 'ஹக்க பட்டாஸ்' என வழங்கும் அது உணவினுள் மறைக்கப்பட்டு, கடித்த விலங்கின் தாடையைப் பிளந்துவிடும். பன்றிக்கு வைத்ததை யானைக்கன்று கடித்து, வாய் சிதைந்து, உண்ணமாட்டாது நாட்கணக்கிலே வருந்தி மடிந்த செய்திகளை நாம் நாளிதழ்களில் அடிக்கடி வாசிக்கின்றோம்.

இம்மூன்று கருவிகளுக்கும் உரிய பொதுக்குற்றம் ஒன்றுண்டு. எதிரே வருவது யாது என நோக்கும் கண் இவற்றின் பின்னால் இல்லை. மனிதன் கையிலுள்ள துவக்குக்கு அக்கண் உண்டு. அக்கண்ணுக்குப் பொறுப்பும் உண்டு. நாம் துவக்குக்காகப் பேசுவதன் காரணம் இவ்வளவே.

அவ்வாறாயின் துவக்குக்கு அனுமதிப்பத்திரம் பெற்றுக்கொள்ளலாமே எனச் சிலர் கூறுவர். இங்கேதான் தோட்டத்தின் பழைய கதை குறுக்கிடுகின்றது.

பெருந்தோட்டங்களிலே துவக்கு என்பது நெடுங்காலம் துரையின் சொத்தாகவே இருந்தது. 1900 ஆம் ஆண்டிலே இலங்கைத் தோட்டத்துரைமாரின் றைபிள் படை அமைக்கப்பட்டது. ஐரோப்பியர்க்கென்றே அமைந்த அப்படையினர் தென்னாபிரிக்கப் போருக்கும், பின்னர் முதலாம் உலகப்போரிலே எகிப்துக்கும் கலிப்பொலிக்கும் சென்றனர். இலங்கைக்கெனத் தனிப்படை அமைந்த 1949 ஆம் ஆண்டிலே அது கலைக்கப்பட்டது. அந்த அரை நூற்றாண்டிலே துரை பங்களாவின் சுவரிலே சாத்தியிருந்த றைபிள் பன்றியை மட்டும் நினைவூட்டவில்லை. 1915 ஆம் ஆண்டுக் கலவரத்தை அடக்கப் படைத்துறைச் சட்டம் பிறப்பிக்கப்பட்டபொழுது, ஐரோப்பியர் பலர் தொண்டர்களாக ஆயுதந் தாங்கினர். விசாரணையின்றிச் சுடப்பட்டோரும் உளர். கேகாலைப் பகுதியும் அத்துயரிற் பங்குகொண்டது. அதனை எதிர்த்துச் சட்டநிரூபண சபையிலே முழங்கியும், இங்கிலாந்து சென்று வாதாடியும், 1916 ஆம் ஆண்டிலே நூலாக வெளியிட்டும் நியாயங் கேட்டவர் சேர் பொன்னம்பலம் இராமநாதன் என்பதை எமது மாணவர் மறத்தலாகாது. சுடுகலன்களைப் பற்றிய கட்டளைச் சட்டமும் அதே 1916 ஆம் ஆண்டிற்குரியது. அவ்வாண்டின் 33 ஆம் இலக்கச் சட்டமாகிய அது, பல திருத்தங்களுடன் இன்றும் வழக்கிலுள்ளது.

அச்சட்டத்தின்படி அனுமதிப்பத்திரம் ஆண்டுதோறும் புதுப்பிக்கப்படல் வேண்டும். பயிர்ப் பாதுகாப்புக்கெனக் கேட்போன் தனக்குப் பயிர்நிலம் உண்டென்பதைக் காட்டவேண்டும். நியாயமான நிபந்தனையே. ஆனால் நூற்றைம்பது ஆண்டுகளுக்கு மேலாக நிலத்தைக் கொத்தியும் தன் பெயரில் ஒரு பேர்ச் காணியும் இல்லாதவன் எதைக் காட்டுவான்? 1946 ஆம் ஆண்டிலே கேகாலை மாவட்டத்து உருளவள்ளி என வழங்கும் நேவ்ஸ்மியர் தோட்டத்துத் தொழிலாளர், குடியேற்றத் திட்டத்துக்காகத் தாம் வாழ்ந்த இடத்தை விட்டு வெளியேற மறுத்துப் போராடினர். அப்போராட்டத்தின் மூலக்கேள்வி இன்னும் விடைபெறவில்லை. 1972 ஆம் ஆண்டின் காணிச் சீர்திருத்தமும், 1975 இலே கம்பனித் தோட்டங்கள் அரசுடைமையானதும், 1992 இலே அவற்றின் நிருவாகம் மீண்டும் தனியார் கம்பனிகளிடஞ் சென்றதும் முதலாளியின் பெயரை மாற்றின. லயத்து மரவள்ளிப் பாத்தி யாருடையது என்பதை மாற்றவில்லை. ஆகவே பன்றி தின்பது தொழிலாளியின் பயிர். துவக்குப் பெறுந் தகுதியோ காணியுடையவனுக்கு. கம்பிச் சுருக்கின் வேர் இவ்விடத்திலே உள்ளது.

துவக்குப் பரவினால் ஆபத்தன்றோ எனக் கேட்போரை நாம் இகழவில்லை. 1971 ஆம் ஆண்டு ஏப்பிரல் கிளர்ச்சியிலே மிகக் கடுமையாகப் பாதிக்கப்பட்ட மாவட்டங்களுள் கேகாலை ஒன்று. கிளர்ச்சியாளர் வீடு வீடாகச் சென்று துவக்குகளைக் கைப்பற்றினர். பின்னர் வந்த முப்பதாண்டுப் போரைப் பற்றி எமது வாசகர்க்கு நாம் எடுத்துரைக்க வேண்டியதில்லை. துவக்கு என்னுஞ் சொல்லைக் கேட்டாலே முகஞ்சுளிக்கும் தாய்மார் எமது இல்லங்களிலும் உளர். ஆதலினாலேயே வீட்டுக்கு வீடு துவக்கு என்பதை நாம் கேட்கவில்லை. தோட்டத்தின் ஒவ்வொரு டிவிசனுக்கும் ஒன்று. அதுவும் தோட்டத்தின் பெயரிலே, பயிற்சி பெற்ற காவற்காரன் ஒருவனின் கையிலே. அந்த ஒன்று எத்தகையதாய் இருக்கவேண்டும் என்பதை இனி நோக்குவோம். இதனைச் சிறு விடயமென நினைத்தலே வழக்கமான பிழை. நிருவாகத்தார் மலிவாகக் கிடைத்த ஏதோவொன்றை வாங்கி அலுமாரியில் வைப்பர். அதைத் தூக்கமாட்டாத காவற்காரன் தடியோடும் தகரத்தோடும் இரவைக் கழிப்பான்.

பாரமான துவக்கின் மீது மனிதனுக்குள்ள மயக்கம் பழையது. பத்தொன்பதாம் நூற்றாண்டின் நடுவிலே நுவரெலியாவிற் குடியேறியிருந்த சாமுவேல் பேக்கர் என்னும் வேட்டைக்காரர், தமக்கெனச் செய்வித்த றைபிள் ஒன்று 21 இறாத்தல் எடையுடையது. சுமார் ஒன்பதரைக் கிலோ! அதனை அவர் சுடுவார், சுமந்துசெல்பவன் வேறொருவன். துரையின் பின்னே துவக்குச் சுமந்து நடந்தவனின் பெயரை எந்நூலும் பொறித்து வைக்கவில்லை. சுமப்பவனும் சுடுபவனும் ஒருவனேயாகும்பொழுதுதான் எடை என்பது ஒரு கேள்வியாகின்றது.

இலகுவான றைபிளின் பெருமையை எமது நாட்டுக்கு அண்மையிலே விளக்கிக் காட்டியவர் ஜிம் கோபெற். 1907 ஆம் ஆண்டிலே சம்பாவத்துப் பெண்புலியைக் கொன்றமைக்காக அவருக்குப் பரிசாகக் கிடைத்தது ரிக்பி கம்பனியாரின் 0.275 அங்குல றைபிள். குழலும் சிறிது, எடையும் சிறிது. கேதாரநாதத்துக்கும் பத்ரிநாதத்துக்கும் செல்லும் யாத்திரிகரை எட்டாண்டுகளாகக் கொன்றுதின்ற உருத்திரப்பிரயாகைச் சிறுத்தையை 1926 ஆம் ஆண்டு மே மாதத்திலே அவர் சுட்டது அந்த றைபிளாலேயே. மாமரத்தின் மேலிருந்து, குழலிற் பொருத்திய மின்சூளின் ஒளியிலே, கீழ்நோக்கிச் சுட்ட ஒரே வெடி. இந்நிகழ்ச்சியிலே எமக்குரிய பாடங்கள் யாவும் அடங்கியுள்ளன: இலகுவான கருவி, ஒளியிலே உறுதிசெய்த இலக்கு, நிலத்தை நோக்கிய குழல், ஒரு வெடி.

இக்கருத்தை ஒரு முறையாக வகுத்தவர் அமெரிக்கரான ஜெப் கூப்பர் என்பார். கடற்படைக் காலாட்படையில் அதிகாரியாயிருந்தவர். 1983 ஆம் ஆண்டிலே அரிசோனா மாநிலத்திலுள்ள தமது பயிற்சிக் களத்திலே துவக்கறிஞர் சிலரைக் கூட்டி, எல்லாத் தேவைக்கும் ஒருவன் கையிலேந்தக்கூடிய றைபிள் எவ்வாறிருத்தல் வேண்டும் என ஆராய்ந்தார். 'ஸ்கவுட் றைபிள்' என அவர் பெயரிட்ட அதன் இலக்கணஞ் சுருக்கமானது. நீளம் ஒரு மீற்றருக்கு மேற்படலாகாது. தோள்வாரும் குறிகாட்டியுஞ் சேர்ந்த எடை மூன்று கிலோ அளவில் நிற்கவேண்டும். தூரதரிசினி வேண்டுமாயின் இரண்டு மூன்று மடங்குக்கு மேற் பெருப்பிக்காததாய், இரு கண்ணையுந் திறந்தே நோக்கத்தக்கதாய், குழலின் முன்புறத்திற் பொருத்தப்படல் வேண்டும். தோள்வார் சுமப்பதற்கு மட்டுமன்றிச் சுடும்பொழுது கையை இறுக்கி நிறுத்தவும் உதவவேண்டும். ஒஸ்திரியாவின் ஸ்ரெயர் தொழிற்சாலையார் 1990களின் இறுதியிலே இவ்விலக்கணத்துக்கிணங்க ஒரு றைபிளைச் செய்து விற்கத் தொடங்கினர். விலையைக் கேட்டால் எமது தோட்டக் கம்பனிகளின் கணக்கர் மயங்கி வீழ்வர். அது எமக்கு வேண்டியதுமன்று. அவ்விலக்கணம் மட்டுமே வேண்டியது.

இலகுவாக்குதலிலும் அளவுண்டு. இரண்டாம் உலகப்போரிலே கிழக்காசியக் காடுகளிற் போரிடுவதற்காகப் பிரித்தானியர் தமது 0.303 லீ என்பீல்ட் றைபிளைக் குறைத்து 1944 ஆம் ஆண்டிலே 'காட்டுக் காபைன்' ஒன்றைச் செய்தனர். பழைய றைபிள் ஏறத்தாழ நான்கு கிலோ, புதியது மூன்றேகால். மரத்தையும் இரும்பையும் செதுக்கி எடுத்ததன் பயனாக உதைப்பு அதிகரித்தது. வாய்ப்புறத்திலே தீச்சுடர் பெரிதாயிற்று. ஒருநாட் சரிபார்த்த குறி மறுநாள் விலகிற்று எனப் படையினர் முறையிட்டனர். 1947 இலே அதன் உற்பத்தி நிறுத்தப்பட்டது. எடையைக் குறைப்பவன் எதனைக் கொடுத்து எதனைப் பெறுகின்றான் என அறிந்து குறைத்தல் வேண்டும்.

இனிச் சப்பிரகமுவாவுக்கு வருவோம். இங்கே முதற்கேள்வி ரவையைப் பற்றியது. மேலே கூறிய றைபிள்களின் ரவை சரியானபடி நிலத்திற் புதையாவிடின் மூன்று கிலோமீற்றருக்கப்பாலும் சென்று வீழக்கூடும். சிறியதெனக் கருதப்படும் 0.22 ரவையுங்கூட ஒன்றரைக் கிலோமீற்றர் செல்லவல்லது. எமது தோட்டங்களிலோ அவ்வளவு தூரத்துள் இரண்டு லயமும் ஒரு பாடசாலையும் ஒரு கோயிலும் இருக்கும். கூப்பர் சுட்டுப் பழகிய அரிசோனாப் பாலைநிலத்தை மனத்திற்கொண்டு தெனியாய எல்லைக்கு அண்மைய இறக்குவானைச் சரிவிலே றைபிள் சுடுதல் அறியாமை. மேலும், எமது நாட்டிலே பயிர்ப் பாதுகாப்புக்கெனப் பெரும்பாலும் வழங்கப்படுவது பன்னிரண்டு போர்ச் சன்னத் துவக்கே. பருஞ்சன்னம் நிறைத்த அதன் தோட்டா முப்பது, நாற்பது மீற்றருக்கப்பால் நம்பத்தக்கதன்று. தேயிலை வரிசைக்கிடையிலும் றப்பர் நிழலிலும் பன்றி தென்படுந் தூரமும் அதுவே. ஆதலாற் கூப்பரின் றைபிளை விட்டு அவரது இலக்கணத்தைப் பன்னிரண்டு போருக்கு ஏற்றிவிடுதலே எமக்குப் பொருந்தும் என்பது எமது துணிபு. றைபிள் விரும்பிகளான நண்பர் சிலர் இதற்கு உடன்படார். அவர்களுடன் நாம் முன்னரும் வாதாடியுள்ளோம், இனியும் வாதாடுவோம்.

குழல்: ஒற்றைக் குழலே போதும். இரட்டைக் குழலின் இரண்டாவது வெடி பெரும்பாலும் அவசரத்தின் வெடி. ஒன்றே உண்டென அறிந்தவன் நோக்கிச் சுடுவான். மடித்துத் திறக்கும் ஒற்றைக்குழல் துவக்கு மூன்று கிலோவுக்குள் அடங்கும். மடித்துத் தோளிலே போட்டுக்கொண்டு வந்தானாயின், அது நிறைந்துளதா வெறிதா என்பதை எதிரே வருபவன் பத்தடி தூரத்திலேயே கண்டுகொள்வான். மடித்துத் திறக்காத எவ்வகைத் துவக்குக்கும் இப்பேறு இல்லை.

பிடங்கின் நீளத்தையே நாம் எல்லாவற்றிலும் முக்கியமாகக் கருதுகின்றோம். எவருங் கவனியாததும் அதுவே. வெளிநாட்டிலே ஆறடி மனிதனின் கைக்கு அளவிட்டுச் செய்த பிடங்கு, ஐந்தடி மூன்றங்குலமுள்ள எமது காவற்காரனின் தோளிலே சரிவரப் பொருந்துவதில்லை. அவன் கழுத்தை நீட்டி, தலையைச் சரித்து, பிடங்கைத் தோளுக்கு வெளியே கையின் சதையிலே வைத்துச் சுடுவான். உதைப்பு எலும்பிலே இறங்கும். மறுமுறை விசையைத் தொடுமுன் கண்ணை மூடுவான். கண்ணை மூடிச் சுடுபவன் கையிலுள்ளதும் கட்டுத்துவக்கே. அனுமதி பெற்ற துவக்குத் தொழிலாளியிடங் கொடுத்து ஓர் அங்குலமோ ஒன்றரை அங்குலமோ அறுப்பித்து, அடியிலே றப்பர் மெத்தை பொருத்துதல் மிகச் சிறு வேலை. றப்பர் விளையும் ஊரிலே அதற்கும் பஞ்சமா? பொருந்திற்றா என அறியும் வழி எளிது. துவக்கு வெறிதென இருமுறை பார்த்தபின், கண்ணை மூடி அதைத் தோளிலே ஏற்றி, பின்னர்க் கண்ணைத் திறக்கவேண்டும். குறி நேரே கண்முன் நிற்குமாயிற் பொருந்திற்று. தலையை அசைத்துத் தேடவேண்டியிருப்பின் மீண்டும் அறுக்கவேண்டும், அல்லது வேறு பிடங்கு வேண்டும்.

குறிகாட்டியைப் பொறுத்தவரை, முன்னே வெண்ணிறம் பூசிய பருத்த மணியொன்றும் பின்னே அகன்ற வளையமொன்றும் அந்திவேளைக்கு ஏற்றவை. வளையத்தைக் கண் நோக்க வேண்டியதில்லை. அதனூடே மணியை நோக்கினாற் போதும். கண்ணாடிக் கருவிகள் இங்கே நெடுநாள் நில்லா. இரத்தினபுரியின் ஆண்டு மழை 3500 மில்லிமீற்றருக்கு மேற்பட்டது. அம்மழையிலும் மூடுபனியிலும் கண்ணாடி வேர்த்து மங்கி, உள்ளே பூஞ்சணம் படரும். மரப்பிடங்கும் ஈரத்தை உறிஞ்சிப் பருக்கும்; றைபிளாயின் குழலை நெருக்கிக் குறியை விலக்கும், ஒற்றைக்குழல் துவக்காயின் பொருத்துக்களைத் தளர்த்தும். ஆளிவிதை எண்ணெயை மெல்லிதாகப் பலமுறை தேய்த்தல் பழைய மருந்து. பிளாத்திக்குப் பிடங்கு புதிய மருந்து. எமக்கு மரமே பிடிக்கும். ஆனால் மழைநாட்டிலே எமது விருப்பத்துக்கு மதிப்பில்லை.

தோள்வார் தோலாயின் ஆறு மாதத்திலே பச்சை பிடித்து நாறும். தடித்த நூற்பட்டையோ நைலோன் பட்டையோ சாலும். மழையிலே குழலைக் கீழ்நோக்கித் தொங்கவிட்டு நடக்கவேண்டும். நீர் உட்புகாமைக்கு மட்டுமன்று, வழுக்கி விழுந்தாலும் குழல் மண்ணையே பார்க்கும் என்பதற்காகவும். காலிலே அட்டை ஏறுவதை உணர்ந்த எவனும் குனிவான். குனிபவனின் தோளிலுள்ள குழல் எப்பக்கம் திரும்பும் என்பதைச் சிந்தித்தால் இதன் அவசியம் விளங்கும்.

நிலத்தின் அமைப்பே சப்பிரகமுவா எமக்குத் தந்த காப்பு. மேட்டிலோ பரணிலோ இருந்து கீழ்நோக்கிச் சுடின் தவறிய சன்னம் ஈரமண்ணிற் புதைந்துவிடும். மேல்நோக்கியும் மேட்டின் விளிம்பில் வானத்தைப் பின்னணியாகக் கொண்டு நிற்கும் பன்றியின் மீதும் சுடுதல் எக்காரணத்தாலும் கூடாது. ஓசையை நோக்கியும் பற்றையின் அசைவை நோக்கியும் சுடுதலும் அவ்வாறே. பால்வெட்டுத் தொடங்கும் நேரத்துக்கு ஒரு மணித்தியாலம் முன்னரே துவக்கு வெறிதாக்கப்பட்டு அலுவலகம் திரும்பவேண்டும். விடிகாலையிலே றப்பர் மலையிற் கேட்கும் வெடியோசை எதுவாயினும் அது முறைகேடே எனத் தோட்டத்திலுள்ள ஒவ்வொருவரும் அறிந்திருப்பாராயின், திருட்டுத் துவக்கைக் கண்டுபிடித்தலும் எளிதாகும்.

கொல்லாமையைக் கற்பித்த கல்லூரியின் மலரிலே இவ்வாறு எழுதலாமோ என்னும் ஐயம் எமக்கும் உண்டு. திருக்குறளிலே அவ்வதிகாரத்தை மனனஞ் செய்து ஒப்புவித்தவர்களே நாம். வேலியும் காவலும் முதலில் வரவேண்டும் என்பதில் எமக்கு மாறுபாடில்லை. உறுதியான கம்பிவலை வேலி, காவல்நாய், ஓடையோரப் பற்றைகளை வெட்டி வெளியாக்குதல் என்பனவற்றிற்குப் பின்னரே துவக்கின் முறை. ஆயின் வேலிக்குப் பணமில்லாத தோட்டத்திலே, துவக்கும் வேண்டாமென நாம் கைகழுவி விட்டால், அங்கே கொல்லாமை நிலைபெறுவதில்லை. எமது கண்ணுக்குத் தெரியாத இடத்திலே, கம்பியில் மூன்று நாள் துடித்து உயிர்விடும் விலங்குகளின் தொகை பெருகும். காட்டுப்பன்றிக்கு 1937 ஆம் ஆண்டின் வனவிலங்கு, தாவரப் பாதுகாப்புச் சட்டத்திலே பாதுகாப்பில்லை, சிறுத்தைக்கு உண்டு. பன்றியைக் கொல்ல அனுமதித்துவிட்டு, அதனை நோக்கிக் கொல்லும் வழியை மட்டும் ஏழைக்கு அடைத்துவைத்தலால், பாதுகாப்புள்ள விலங்கே பலியாகின்றது.

செலவை யார் ஏற்பது? பயிர்நிலத்தின் குத்தகையாளர் கம்பனியார். பன்றி புகும் பாழ்நிலமும் அவர்களுடையதே. ஆகவே துவக்கும் தோட்டாவும் பயிற்சியும் அவர்கள் பொறுப்பு. லயத்துத் தோட்டங்களைக் காப்பதும் காவற்காரனின் கடமையென எழுத்திலே இருக்கவேண்டும். இன்றேல் அத்துவக்கு மனேச்சரின் மரக்கறிப் பாத்தியை மட்டுங் காத்துக்கொண்டிருக்கும். காவற்காரன் தொழிலாளர் குடும்பங்களிலிருந்தே தெரிந்தெடுக்கப்படல் நன்று. எவ்விடத்திலே எவருடைய பிள்ளைகள் எந்நேரம் நடமாடுவர் என்பதை அவனே அறிவான்.

அலுவலகத்திலே ஓர் ஏடு வேண்டும். மாலையிற் கொடுத்த தோட்டா எத்தனை, காலையில் திரும்பியது எத்தனை, வெற்றுறை எத்தனை, எவ்விடத்திலே, எதன்மீது என்பன அதிற் பதியப்படல் வேண்டும். கிளாக்கர் பதவியிலுள்ள எமது பழைய மாணவர்க்கு இது புதிய வேலையன்று. கொழுந்தின் நிறையை எழுதிய கையே இதனையும் எழுதலாம். அவ்வேட்டின் பெரும்பாலான வரிகளிலே 'சுடவில்லை' என்றே பதிவாகும். அதனைக் காரணங்காட்டி மாத முடிவிலே காவற்காரனின் கொடுப்பனவைக் குறைக்க முயலும் நிருவாகத்தாரும் இருப்பர். அவர்களுக்கு ஏட்டைக் காட்டும் பொறுப்பும் அக்கிளாக்கரையே சாரும்.